ஊசி தவறிய இரவும் அதன்பின் எழுந்த கேள்வியும்

அதிகாலை மூன்று மணிக்கு உள்நோயாளிப் பிரிவிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. அன்னூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, காலில் ஆறாத புண்ணுக்காக வந்து சேர்ந்திருந்த அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர், உடல் முழுதும் வியர்த்துக் கிடந்தார். கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை முதலில் கவனித்தவர் துணைக்கு இருந்த மருமகள். விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 41 மில்லிகிராம் மட்டுமே இருந்தது. உடனே குளுக்கோஸ் கரைசல் நரம்பு வழியாகச் செலுத்தப்பட்டது. கால் மணி நேரத்தில் அவருக்குத் தெளிவு வந்தது. "ஏஞ்சாமி, எல்லாரும் என்னையச் சுத்தி நிக்கறீங்க?" என்று அவரே கேட்டார்.

நாங்கள் கட்டிலை விட்டு நகர்ந்ததும் இரவுப் பணியில் இருந்த செவிலியர் எங்களிடம் வந்தார். ஓர் இன்சுலின் குப்பியையும் ஒரு சிரிஞ்சையும் மேசைமேல் அருகருகே வைத்தார். "சார், ராத்திரி ஊசி போட்டது நான்தான். சிரிஞ்ச் மாறிப்போச்சு" என்றார். யாரும் கேட்பதற்கு முன்பே அவர் அதைச் சொன்னார்.

நடந்தது இதுதான். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் பொதுவாக இரண்டு செறிவுகளில் கிடைக்கின்றன. யு-40 என்று குறிக்கப்பட்ட குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகுகளும், யு-100 குப்பியில் 100 அலகுகளும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிச் சிரிஞ்சுகள் உண்டு. யு-40 சிரிஞ்சின் மூடி சிவப்பு. யு-100 சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. அந்த அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது நீண்ட நேரம் வேலை செய்யும் யு-100 இன்சுலின். எங்கள் பிரிவின் தட்டில் இருந்ததோ சிவப்பு மூடிச் சிரிஞ்ச். அதில் 12 என்ற கோடு வரை எடுத்தால் 0.3 மில்லி லிட்டர் வரும். அந்தக் குப்பியிலிருந்து எடுக்கும்போது அது 12 அலகு ஆகாது. 30 அலகு ஆகிவிடும். எழுதியதைவிட இரண்டரை மடங்கு மருந்து அவர் உடலுக்குள் சென்றிருந்தது.

அவர் நலமாக வீடு திரும்பினார். மருந்தின் வேலை முடியும்வரை, மறுநாள் இரவு தாண்டியும் மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கப்பட்டது. அவரும் செவிலியரும் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறோம்.

மறுநாள் காலை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அவருடைய மகன் வந்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங் டாக்டர், இதை மேலிடத்துக்கு எழுதிப் போடுவீங்களா, இல்ல உங்களுக்குள்ளயே முடிச்சுக்குவீங்களா?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் எப்படி விடை தேடினோம் என்பதை, மருத்துவமனையை நம்பி வரும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

மேலிடம் என்பது எது?

நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் உண்மையைச் சொல்வது, தவறை மருத்துவமனைக்குள் எழுத்தில் பதிவு செய்வது ஆகிய இரண்டிலும் எங்களுக்குள் விவாதமே எழவில்லை. இரண்டும் கட்டாயம் செய்யவேண்டியவை. விவாதம் எழுந்தது மூன்றாவதில்தான்: வெளியிலுள்ள ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிப்பதா, தெரிவித்தால் எதற்கு?

ஒவ்வொரு பிழைக்கும் ஒரே வாசல் என்று இல்லை. பல வாசல்கள் உள்ளன. ஒவ்வொன்றின் வேலையும் வேறு.

செவிலியர்களின் பதிவேட்டை வைத்திருப்பது சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில். இதன் அடிப்படை 1926ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு செவிலியர் தொடர்ந்து அத்தொழிலில் இருக்கத் தகுந்தவரா என்று கேட்கும் இடம் இது. தேசிய அளவில் 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய நர்சிங் மற்றும் தாதியர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது.

மருத்துவமனையே சரியாக நடத்தப்படுகிறதா என்று பார்ப்பது தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997. மாவட்டத்தில் இதற்குப் பொறுப்பானவர் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர்.

மருந்தால் விளைந்த தீங்கைப் பதிவு செய்ய 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் உள்ளது. இரத்தம் ஏற்றுவதில் நேரும் தீங்குகளுக்கு 2012இலும், மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளுக்கு 2015இலும் இதேபோன்ற திட்டங்கள் வந்தன. இவை யாரையும் தண்டிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. ஓரிடத்தில் நடந்தது வேறோரிடத்தில் நடக்காமலிருக்கத் தகவல் திரட்டுபவை.

மகன் "மேலிடம்" என்று சொன்னபோது அவர் மனத்தில் இருந்தது முதல் வாசல். செவிலியரின் பெயர் சென்னைக்குப் போகுமா என்பதே அவர் கேட்டது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தை

செவிலியரின் ஊசித் தவறு என்றதும் இந்திய மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் நினைவுகூரும் வழக்கு ஒன்று உண்டு. 1993 டிசம்பரில், தலைநகர்ப் பகுதியிலிருந்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனையில் காய்ச்சலோடு ஒரு சிறுவன் சேர்க்கப்பட்டான். டைபாய்டு என்று கண்டறியப்பட்டது. செவிலியர் எழுதிக் கொடுத்ததைத் தந்தை கடையில் வாங்கிவந்தார். அது மலேரியாவுக்குத் தரும் லாரியாகோ. அந்த ஊசி நரம்பில் செலுத்தப்பட்டதும் சிறுவனின் இதயம் நின்றது. உயிர் காப்பாற்றப்பட்டாலும் மூளை மீளாச் சேதம் அடைந்தது.

வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையம் சென்று, பின் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. குழந்தைக்கு பன்னிரண்டரை லட்சம் ரூபாயும் பெற்றோருக்கு ஐந்து லட்சம் ரூபாயும் இழப்பீடு என்ற ஆணையை 1998 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குழந்தை மட்டுமல்லாமல் பெற்றோரும் நுகர்வோரே என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று நோயாளியின் குடும்பத்தார் நுகர்வோர் ஆணையத்தின் படியேறும்போது அவர்களுக்குத் துணை நிற்பது அந்த வரிதான்.

எங்களை அதிகம் சிந்திக்கவைத்தது வேறொன்று. அந்தச் செவிலியர் எந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிவு பெறாதவர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. ஊசியைத் தாமே போட்டிருக்க வேண்டிய மருத்துவர் அதைச் செய்யவில்லை என்பதும் வெளிப்பட்டது. தகுதியற்ற ஒருவரைப் பணியில் வைத்தது மருத்துவமனை. பொறுப்பைக் கைமாற்றியது மருத்துவர். கடைசியில் ஊசியைப் பிடித்திருந்த கை செவிலியருடையது. கடைசிக் கையை மட்டும் பார்த்திருந்தால் மற்ற இரண்டும் மறைந்தே போயிருக்கும்.

மறைத்ததால் வளர்ந்த தவறு

இன்னொன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்தது. 2017 டிசம்பரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 75 வயது மூதாட்டி ஒருவருக்கு, ஸ்கேன் எடுக்கும்போது பதற்றம் தணிவதற்காக வெர்செட் என்ற மருந்து எழுதப்பட்டது. ரடாண்டா வாட் என்ற செவிலியர், மருந்து வழங்கும் இயந்திரத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். வந்தது வெக்குரோனியம், அதாவது தசைகள் அனைத்தையும் செயலிழக்கச் செய்யும் மருந்து. மூதாட்டி இறந்தார்.

செவிலியர் அன்றே தம் தவறை ஒப்புக்கொண்டார். மருத்துவமனை அவரைப் பணிநீக்கம் செய்தது. ஆனால் நடந்ததை ஒழுங்குமுறை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவில்லை. மரணச் சான்றில் இயற்கை மரணம் என்றே பதிவானது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, பெயர் சொல்லாத ஒருவர் தந்த தகவலால்தான் அரசு ஆய்வாளர்கள் உள்ளே வந்தனர். அதன்பின் எல்லாம் செவிலியர் ஒருவர் மீதே விழுந்தது. 2019இல் கைது செய்யப்பட்டார், 2021இல் உரிமத்தை இழந்தார், 2022 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, மே மாதத்தில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்படுத்தப்பட்டார்.

அவருடைய தவறு சிறியதன்று. மருந்துக் குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. எனினும், "உண்மையைச் சொன்னவர் குற்றவாளிக் கூண்டில், சொல்லாமல் இருந்த நிறுவனம் வெளியில்" என்ற எண்ணம் செவிலியர்களிடையே பரவியது. தவறை ஒப்புக்கொள்ள இனி யார் முன்வருவார் என்று உலகெங்கும் கேட்டார்கள். 2024இல் கென்டக்கி மாநிலம், பெரும் அலட்சியம் இல்லாத மருத்துவப் பிழைகளுக்குக் குற்ற வழக்கிலிருந்து பாதுகாப்பளித்துச் சட்டம் இயற்றியது.

நம் சட்டத்தில் செவிலியரின் இடம்

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டுக்கு உரியது. குற்ற வழக்காக வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். அதற்கு முன் மருத்துவம் அறிந்த ஒருவரின் நடுநிலையான கருத்தைப் பெற வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அதைச் செய்தால் இரண்டாண்டு வரை. அந்த இரண்டாண்டு வரம்பு மருத்துவர் பதிவேட்டில் உள்ளவர்களுக்கு மட்டுமே. ஒரே கட்டிலருகே நின்று ஒரே நோயாளியைக் கவனிக்கும் செவிலியர் அதற்குள் வரவில்லை. ஒரு செவிலியரைப் பற்றி மேலே எழுதுவதா என்று முடிவு செய்யும் மேசையில் பெரும்பாலும் மருத்துவர்களே அமர்ந்திருக்கிறோம். ஆகவே இந்த வேறுபாட்டை நாங்கள் மறக்கலாகாது.

எங்கள் கூட்டத்தில்

அந்த வாரமே குழு கூடியது. செவிலியர் கண்காணிப்பாளர், மருந்தாளுநர், தர மேலாளர், மருத்துவர்கள் ஆகியோர் இருந்தோம். இரண்டு கருத்துகள் எழுந்தன.

ஒரு தரப்பு சொன்னது: "கவுன்சிலுக்கு எழுதாவிட்டால் நாம் மூடி மறைப்பதாகவே ஆகும். நம் ஊழியரின் தவறை நாமே விசாரித்து நாமே மன்னிப்பது நியாயமா?" மறுதரப்பு சொன்னது: "தானாக வந்து சொன்னவரை எழுதிப்போட்டால், அடுத்த முறை இரவு மூன்று மணிக்குச் சிரிஞ்சை யாரும் மேசைமேல் வைக்கமாட்டார்கள். அன்று காரணம் தெரியாமல் நாம் தடுமாறும்போது நோயாளி போய்விடுவார்."

இரண்டிலும் உண்மை இருந்தது. விவாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நடந்ததைப் படிப்படியாக எழுதிப் பார்த்தோம். சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சுகள் எங்கள் பிரிவில் ஒரே தட்டில் கிடந்தன. இன்சுலினை இருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி இருந்தது; ஆனால் அந்த இரவில் இரண்டாமவர் வேறொரு நோயாளியின் அவசரத்தில் இருந்தார். வீட்டிலிருந்து வரும் மருந்தை மருந்தாளுநர் பார்க்கும் வழக்கம் பகலில் மட்டுமே இருந்தது.

பட்டியலின் முதல் வரிக்கு வந்தபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அன்று மாலை நோயாளியைச் சேர்த்தபோது கேஸ் ஷீட்டில் நாங்கள் எழுதியது: "வீட்டில் போடும் இன்சுலினையே தொடரவும், இரவு 12 அலகு." எந்த இன்சுலின், எந்தச் செறிவு என்று எழுதவில்லை. குப்பியை வாங்கிப் பார்க்கவும் இல்லை. கவுன்சிலுக்கு எழுதியிருந்தால் செவிலியரின் பெயர் போயிருக்கும். எங்கள் பெயர் அந்தக் கடிதத்தில் இடம்பெற்றே இராது.

நம் பகுதியில் நூற்பாலையில் வேலை பார்த்தவர் இல்லாத குடும்பம் குறைவு. அவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நூல் அறுந்தால் சைடர் வந்து இணைப்பார். அதே கதிரில் திரும்பத் திரும்ப அறுந்தால் சைடரைத் திட்டிப் பயனில்லை. ஃபிட்டரைக் கூப்பிட்டு மெஷினைப் பார்க்கச் சொல்வார்கள். கைகாரர் வேண்டுமென்றே நூலை அறுத்தால் மட்டும் அது வேறு விஷயம்.

முடிவாக, செவிலியரின் பெயரைக் கவுன்சிலுக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானித்தோம். மருந்து அளவு மாறியதையும் அதன் விளைவையும், செவிலியரின் பெயரின்றி, மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அனுப்பினோம். எங்கள் எழுத்துப் பிழையையும் அறிக்கையில் சேர்த்தோம். இரண்டு வகைச் சிரிஞ்சுகளும் இப்போது தனித்தனி அறைகளில் இருக்கின்றன. இன்சுலின் என்று எழுதும் மருத்துவர் அதன் பெயரையும் செறிவையும் எழுதாவிட்டால், மருந்தைத் தரமறுக்கும் அதிகாரம் செவிலியருக்கு வழங்கப்பட்டுள்ளது.

"நாமே விசாரித்து நாமே மன்னிப்பதா?" என்ற முதல் தரப்பின் கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் எங்களுக்குத் தோன்றியது. முடிவு செய்யும் உரிமை எங்களிடம் மட்டும் இருக்கக்கூடாது. ஆகவே மகனை மீண்டும் அழைத்து, எங்கள் முடிவையும் காரணத்தையும் சொல்லி, கேஸ் ஷீட்டின் நகலைக் கையில் கொடுத்தோம். "நாங்கள் எழுதவில்லை. ஆனால் நீங்கள் எழுதலாம். கவுன்சிலுக்கும் எழுதலாம், இணை இயக்குநருக்கும் எழுதலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எதற்கும் நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம்" என்றோம்.

அவர் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார். புகார் கொடுத்தாரா இல்லையா என்பதை இங்கே எழுதுவது முறையன்று. அது அவருடைய முடிவு.

எப்போது தயங்காமல் தெரிவிப்போம்?

சில நேரங்களில் தயக்கத்துக்கே இடமில்லை. நடந்ததை மறைத்தாலோ, குறிப்பேட்டைத் திருத்தினாலோ, பதிவும் தகுதியும் இல்லாமல் பணி செய்தாலோ, போதையில் பணிக்கு வந்தாலோ, நோயாளிக்குரிய வலி மருந்தைத் திருடினாலோ, விதி தெரிந்தும் மதிக்காமல் திரும்பத் திரும்ப மீறினாலோ ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை. மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால், எங்கள் குழுவின் முடிவோடு அதை முடித்துக்கொள்ள மாட்டோம். வெளியிலிருந்து ஒருவர் பார்த்தாக வேண்டும். இந்த அளவுகோல் செவிலியருக்கும் மருத்துவருக்கும் ஒன்றே.

நீங்கள் செய்யக்கூடியவை

• மருத்துவமனைக்கு வரும்போது வீட்டில் எடுக்கும் எல்லா மருந்துகளையும் அவற்றின் பெட்டியோடு கொண்டுவாருங்கள். இன்சுலின் என்றால் குப்பியோடு சிரிஞ்சையும் காட்டுங்கள்.

• வீட்டில் போடும்போது குப்பியில் யு-40 என்றிருந்தால் சிவப்பு மூடி, யு-100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி. கடையில் வாங்கும்போதே சரிபாருங்கள்.

• ஊசி போடும் முன் "இது என்ன மருந்துங்க, எவ்வளவு?" என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல செவிலியர் அதை வரவேற்பார்.

• திடீர் வியர்வை, நடுக்கம், பொருந்தாத பேச்சு ஆகியவை சர்க்கரை இறங்கியதன் அடையாளங்கள். எந்த நேரமானாலும் உடனே அழையுங்கள்.

• தவறு நேர்ந்ததாகத் தோன்றினால் மருத்துவப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

• மருந்தால் தீங்கு நேர்ந்தால் நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்: 1800-180-3024.

• நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க, காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டாண்டு அவகாசம் உண்டு. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

அந்தச் செவிலியர் இன்றும் எங்களோடு பணி செய்கிறார். புதிதாகச் சேருபவர்களுக்கு இன்சுலின் பாடத்தை அவரே எடுக்கிறார். சிவப்பு மூடிச் சிரிஞ்ச் ஒன்றையும் ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச் ஒன்றையும் மேசைமேல் அருகருகே வைத்துத்தான் அவர் பாடத்தைத் தொடங்குகிறார்.